மருந்துக்கு முன் மல மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் பட்டர்வொர்த்தில் ஒரு விருந்தில் சாப்பிட்டு வந்த என் பேரனுக்கு இரத்தம் கலந்து பேதியானது. கிளினிக்கில் 'ஃபுட் பாய்சன்' என்று சொல்லி உடனே ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மலம் சோதனைக்குப் போனது இரண்டு நாள் கழித்துத்தான்; அதற்குள் மருந்து கிருமியைக் கொன்றிருக்கலாம், கிருமி வளர்க்கும் தட்டில் எதுவும் வளரவில்லை. மருந்து கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, மாதிரி எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். சோதனைக்கூடத்தில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

இத்தகைய பேதியை உண்டாக்கும் கிருமிகளில் சால்மொனெல்லா, வளர்த்துப் பார்க்க அதிகம் சிரமம் தராது. 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்பு ஊட்டக்கூழ்த் தட்டில் நடுவே கறுத்த புள்ளியோடு நிற்கும். இன்னொரு கிருமியான கேம்பிலோபாக்டர் அப்படியல்ல, ஆக்சிஜனைச் சுமார் 5 விழுக்காட்டுக்குக் குறைத்து, 42 டிகிரியில் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 42 டிகிரி ஏறக்குறைய கோழியின் உடல் வெப்பம். அதன் குடலில் இக்கிருமி பெரும்பாலும் நோய் எதுவும் காட்டாமல் குடியிருக்கிறது. கரி கலந்த தட்டில் சாம்பல் நிறத்தில், நீர் தெளித்ததுபோல் படர்ந்திருக்கும் அதைக் கண் பழகாதவர் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடக்கூடும். உலர்ந்த பஞ்சுக்குச்சியில் அனுப்பினாலோ, நம் ஊர் வெயிலில் வழியிலேயே செத்துப்போகும்.

கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிடுகிறது, நல்லதுதான். ஆனால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைத் தட்டில் வைத்துப் பார்க்க உயிருள்ள கிருமி கையில் இருக்க வேண்டும். சால்மொனெல்லாவில் மட்டும் 2,500க்கும் மேற்பட்ட உள்வகைகள் உள்ளன. நோயாளியிடமும் கோழியிடமும் அதே பெயர் கிடைத்துவிட்டதாலேயே கோழிமேல் பழி போட முடியாது. உள்வகையைப் பிரித்து, தேவைப்பட்டால் மரபணு வரிசையையும் ஒப்பிட்டால்தான் உறவு தெரியும்.

1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் உணவு நச்சைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். கிருமியின் பெயரே இல்லாத அறிவிப்பை வைத்துக்கொண்டு எந்தப் பண்ணையில், எந்த அடுப்படியில் தேடுவது? மனிதரிடம் கிடைத்த கிருமியைச் சுகாதார அமைச்சும், கோழியில் கிடைத்ததைக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையும் ஒரே முறையில் வகைப்படுத்தி, முடிவுகளை உடனுக்குடன் ஒப்பிட வேண்டும். கிளினிக்குகளும், மாதிரியில் உள்ள கிருமியை வழியில் சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகக் குழாய்கள் சிலவற்றை அலமாரியில் வைத்திருந்து, இரத்தப் பேதியோடு வருபவரிடம் மருந்து எழுதுமுன் மாதிரி எடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சோதனைக்கூட ஊழியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு