ஓசி விமானமும் எழுபது பவுண்டுப் பெட்டியும்

ஃபேர்ஃபீல்ட், கலிபோர்னியா

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அதன் ஓரத்தில், "உனக்குத்தான் பட்டாளத்து விமானம் ஓசியாயிற்றே, ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடு" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த உங்கள் தம்பி மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஓசி என்பது உண்மைதான். இந்த நாட்டு ராணுவத்தில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், விமானப்படை விமானத்தில் இடம் காலியாக இருந்தால் மனைவியோடு ஏறிக்கொள்ளலாம். அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

வரிசையில் ஆறு வகை. உறவினர் சாவு போன்ற காரியத்துக்கு அவசர விடுப்பில் போகிறவர்கள் முதல் வகை. சாதாரண விடுப்பில் போகும் சிப்பாய் மூன்றாவது. ஓய்வு பெற்ற நாங்கள் ஆறாவது, அதாவது கடைசி. 60 நாள் முன்பே பெயர் பதிந்து வைக்கலாம். ஒரே வகைக்குள் முந்திப் பதிந்தவருக்கே முதல் இடம். பதவி செல்லாது. ஓய்வு பெற்ற ஜெனரலும், மீசை அரும்பாத சிப்பாய்க்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். உங்கள் பட்டாளத்துக் கேன்டீன் வரிசையில் சுபேதார் மேஜர் வந்தால் வழிவிடுவீர்களே, அது இங்கே நடக்காது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பத்து நாள் விடுப்பில் ஊருக்கு ஓடுகிறவனை முந்திக்கொண்டு, வேலையற்ற நான் எங்கே போகப்போகிறேன்?

போன ஜூனில் ஹவாய்க்குக் கிளம்பினோம். டிராவிஸ் விமானத்தளம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பதால் துணிந்தோம். மூன்று நாள், எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு போய்ப் பெயர் வாசிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். காட்பாடி ஸ்டேஷனில் காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டோடு நீங்களும் நானும் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோமே, அதே படபடப்பு. நான்காம் நாள் எங்கள் பெயரை வாசித்தார்கள். சி-5 என்ற பெரிய சரக்கு விமானம். சரக்கு கீழே, ஆட்கள் மாடியில். இருக்கைகள் எல்லாம் வாலைப் பார்த்தபடி. ஐந்து மணி நேரம் காதில் அடைப்பானும் மேலே கம்பளியுமாக முதுகுப்புறமாகவே பறந்தோம்.

திரும்புவதுதான் வினையாகிவிட்டது. பள்ளி விடுமுறை; பிள்ளைகுட்டிகளோடு சிப்பாய்கள் எங்களுக்கு முன்னால். நான்கு நாள் பார்த்துவிட்டு, காசு கொடுத்து சாதாரண விமானத்தில் வந்தோம். விடுதிக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று இவள் உத்தரவு.

ஜெர்மனியின் ராம்ஸ்டைன், ஸ்பெயினின் ரோட்டா, ஜப்பானின் யோகோட்டா வரை இப்படிப் போகலாம். அதற்கப்பால் சென்னைக்கு நானேதான் டிக்கெட் எடுக்க வேண்டும். ராம்ஸ்டைனில் நான் பெயர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே தாலி கட்டி முடிந்திருக்கும். சித்தப்பா இல்லாமல் குழந்தை மணமேடை ஏறுவதா?

அதனால் காசு கொடுத்தே இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு ஆறு நாள் முன்பு வந்துவிடுவோம்.

ஒரே ஒரு நஷ்டம். பட்டாள விமானத்தில் ஆளுக்கு எழுபது பவுண்டில் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். இந்த டிக்கெட்டில் பெட்டிக்கு ஐம்பதுதான். அண்ணி அனுப்பிய பட்டியலில் எதை அடிப்பது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பாதாமைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
தம்பி