‘மலேரியா இல்லை’ என்பது ஒரு நோயின் பெயரன்று

வட மாகாண சுகாதார அமைச்சுக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

மல்லாவிக்கு அண்மையில் வளர்ந்து, மருத்துவம் படித்து, பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் சுவாச வைரஸ் தொற்றுகளை ஆராயும் தொற்றுநோயியலாளராக வேலை செய்துவிட்டு, கடந்த ஆண்டு ஊர் திரும்பியவள் நான். எந்த வயதினருக்கு, எந்த மாதத்தில், எந்த வைரஸால் தடிமனும் இருமலும் முட்டும் வருகின்றன, அவர்களில் எத்தனை பேர் வைத்தியசாலைப் படியேறுகின்றனர், எத்தனை பேர் ஏறாமலே இறந்துபோகின்றனர் என்று எண்ணுவதே என் தொழில். அந்த எண்ணிக்கையை வன்னியில் தொடங்குங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் காரணம். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அடுத்த ஆண்டு மார்கழி மழையில், கிடுகுக் கொட்டிலுக்குள், நான்கு மாதமான என் தம்பிக்குத் தடிமன் பிடித்தது. முதல்நாள் மூக்கொழுகியது, மறுநாள் பால் குடிக்கவில்லை, மூன்றாம் நாள் காலையில் அவனுடைய விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்ததை நான் பார்த்தேன். உடம்பு சுடவில்லை. ஆனாலும் அம்மா காய்ச்சல் என்றே சொன்னார். அந்த நாட்களில் வன்னியில் வருத்தம் என்றாலே காய்ச்சல்தான். சைக்கிளில் கொண்டுபோன இடத்தில் குத்தி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்து, ஒரு துண்டில் ‘மலேரியா இல்லை’ என்று எழுதித் தந்தார்கள். அன்று பின்னேரம் அவன் இறந்துபோனான். அந்தத் துண்டை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். என் தம்பியின் நோயைப் பற்றி இவ்வுலகில் எழுதப்பட்டது அந்த இரண்டு சொற்கள் மட்டுமே.

அதை எழுதித் தந்தவரை நான் குறை கூறவில்லை. மின்சாரமில்லாத ஊரில், நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொருவருடைய இரத்தத்தையும் பார்த்த மனிதர் அவர். அவரைப் போன்றவர்களின் உழைப்பால்தான் இந்த நாடு மலேரியாவை வென்றது. 1999இல் இலங்கையில் 2.5 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா உறுதிசெய்யப்பட்டது. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்ளூரில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லாத நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நுளம்பு வலையும் மருந்துத் தெளிப்பும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மை. ஆனால் அவற்றை எங்கே, எப்போது கொண்டுபோக வேண்டும் என்று காட்டியது, காய்ச்சல்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்த அந்தப் பழக்கமே. இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும்: 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளர் மட்டுமே பதிவாகியிருந்த நிலையில், வேலை முடிந்துவிட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தியதால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் இலட்சக்கணக்கானோருக்குத் திரும்பி வந்தது.

ஆகவே, காய்ச்சலை எண்ணுவது எப்படி என்பதை வன்னிக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. நான் கவலைப்படுவது, எண்ணி முடித்த பிறகு மிஞ்சுகிறவர்களைப் பற்றியே. இன்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவருக்கு டெங்கு பார்க்கப்படுகிறது. வயல்காரராயின் எலிக்காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. இரண்டும் இல்லையென்றால் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று சொல்லிப் பாணி மருந்தும் சில குளிசைகளும் கொடுத்து அனுப்பப்படுகிறார். பல வேளைகளில் அந்தக் குளிசைகளுள் வைரஸுக்கு எவ்விதத்திலும் உதவாத நுண்ணுயிர்க்கொல்லியும் இருக்கும். அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் ஏழு நாளும் அதற்கு மேலும் நீடிக்கும் காய்ச்சலுக்கு இடமுண்டு. மூன்றே நாளில் மூச்சிரைத்து இறக்கும் கைக்குழந்தை அந்த வாசலுக்கு வந்து சேர்வதேயில்லை.

இது வன்னிக்கு மட்டும் உரிய குறையன்று. என் துறையே நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. இன்புளுவென்சா வைரஸ் 1933இல் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கைக்குழந்தைகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ் 1956இல் முதலில் சிம்பன்சிகளிடமும் அடுத்து குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. அதைப் போன்றே மூச்சுப்பாதையைத் தாக்கும் எச்.எம்.பி.வி. என்ற வைரஸை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001இல்தான் அடையாளங்கண்டார்கள். சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய குருதி மாதிரிகளைச் சோதித்தபோது, அது குறைந்தது 1958 முதலே மனிதரிடையே உலவியது தெரியவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெறும் தடிமன் என்ற பெயரில் அது ஒளிந்திருந்திருக்கிறது.

இவற்றுள் ஆர்.எஸ்.வி. பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1 இலட்சம் குழந்தைகள் அதனால் இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஆறு மாதத்தை எட்டாதவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் எம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பிள்ளைகள். அதே மதிப்பீட்டில் வைத்தியசாலைக்குள் நேர்ந்த இறப்புகள் 26,300 மட்டுமே. அதாவது நான்கில் மூன்று பங்கு மரணங்கள் வீட்டிலோ வழியிலோ நேர்கின்றன. வைத்தியசாலைப் பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அவை தென்படா. இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. இளங்குழந்தைகளுக்கு இந்த வைரஸ் தொற்றும்போது பல வேளைகளில் காய்ச்சலே இருப்பதில்லை. காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருந்தால்தான் மாதிரி எடுப்போம் என்று இன்புளுவென்சாவுக்கு வகுத்த வரையறையை அப்படியே பின்பற்றினால், இறக்கக்கூடிய குழந்தைகளையே நாம் கழித்துவிடுவோம். என் தம்பிக்கு வந்தது இந்த வைரஸ்தான் என்று நான் சொல்லவில்லை. அதை இனி யாராலும் சொல்ல முடியாது. உடம்பு சுடாத பிள்ளையை மலேரியாக் கணக்கில் தேடினோம் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய கட்டடத்தை அன்று. என் துறையின் சிறந்த வேலைகள் சில சிற்றூர்களில்தான் நடந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெக்கம்சே என்ற சிறிய ஊரில், 1965இல் தொடங்கிய ஆய்வில், ஆர்னல்ட் மொன்ட்டோவும் அவருடைய குழுவினரும் பல நூறு குடும்பங்களை வாரந்தோறும் தொடர்புகொண்டு, வீட்டில் யாருக்காவது தடிமனா, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஆண்டுக்கணக்காக விசாரித்து எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஊருக்குள் வைரஸைப் பரப்புவதில் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்பதை உலகம் விளங்கிக்கொள்ள உதவியவற்றுள் அந்தப் பொறுமையான விசாரிப்பும் ஒன்று. இங்கிலாந்தின் சிரன்செஸ்டரில் ஹோப்-சிம்ப்சன் என்ற பொதுமருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டே இன்புளுவென்சாவின் பருவங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். இன்று துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. அங்கே இருநூறு குடும்பங்களைத் தேர்ந்து, வாரமொருமுறை அழைத்து விசாரிக்க ஒரு தாதியும் ஒரு மேசையும் போதும்.

அடுத்தது எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு மழையிலும் சேற்றிலும் போய்வருகிற இவர்களைவிட வன்னியின் கைக்குழந்தைகளை அறிந்தவர் எவருமில்லை. அவர்களிடம் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்டது 50 தடவையோ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்டது 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமூச்சு. ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும், குழந்தை அழாதிருக்க வேண்டும், வேறொன்றும் தேவையில்லை. அந்த எண்ணை வாரந்தோறும் ஒரு தாளில் எழுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினால், எந்தக் கிராமத்தில் எப்போது என்ன தொடங்குகிறது என்பது வைத்தியசாலைக் கட்டில்கள் நிறைவதற்கு முன்பே தெரியும்.

நோயின் பெயரைக் கண்டுபிடிக்க மூக்கிலிருந்து மாதிரி எடுத்தாக வேண்டும். அதற்குரிய திரவத்தில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்து, மூன்று நாளுக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆனால் தடுப்பூசிகள் இதே குளிரில் இதே வீதிகளால் வந்து சேர்கின்றன. வந்த வாகனம் திரும்பும்போது பெட்டி வெறுமையாகத்தானே போகிறது? மருத்துவ பீடம் 2020இல் குறுகிய காலத்தில் கொரோனாவுக்கான பி.சி.ஆர். பரிசோதனையைத் தொடங்கி வடக்குக்குச் செய்த பணியை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கைகளும் அந்த அறிவும் இங்கேதான் இருக்கின்றன.

சனங்கள் மாதிரி கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையாகச் சொல்வதானால், முதலில் தயங்குவார்கள். மூக்கில் குச்சி விட்டால் வீட்டைப் பூட்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம் 2020, 2021ஆம் ஆண்டுகளின் தனிமைப்படுத்தலிலிருந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னரும் எங்கள் சனங்கள் எத்தனையோ பதிவுகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள்: நிவாரண அட்டைக்கு, முகாமுக்கு, மீள்குடியேற்றத்துக்கு. எழுதிக்கொண்டு போனவர்கள் பதில் சொல்லத் திரும்பி வந்தது குறைவு. ஆகவே இந்த வேலையின் முதல் விதி, மாதிரி எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் முடிவு தமிழில், விளக்கத்தோடு, திரும்பிப் போக வேண்டும் என்பதாக இருக்கட்டும். பெயர் எந்தப் பத்திரிகைக்கும் போகக்கூடாது. முடிவைக் காரணம் காட்டி எவருடைய கூலிவேலையும் தடைப்படக்கூடாது. இதை எழுத்தில் கொடுத்தால், வீடு வீடாக வந்து விளக்கிச் சொல்ல நானும் வருவேன்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. 2025இல் உலக சுகாதார நிறுவனம், கைக்குழந்தைகளை ஆர்.எஸ்.வி.யிலிருந்து காக்க, கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாய்க்கு ஏற்றும் தடுப்பூசியையோ, குழந்தைக்கு ஒருமுறை ஏற்றும் நீண்டகாலச் செயற்பாடுள்ள பிறபொருளெதிரியையோ (வைரஸை எதிர்க்கும் புரதத்தையோ) எல்லா நாடுகளும் அறிமுகப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. என் துறையினர் அறுபது ஆண்டுகள் காத்திருந்த கருவிகள் இவை. 1960களில் பரிசோதித்த முதல் தடுப்பூசி நோயை மோசமாக்கி இரண்டு குழந்தைகள் இறந்த பின்னர், அச்சத்தோடும் கவனத்தோடும் நடந்த நெடும்பயணத்தின் பயன். அவை இலங்கைக்கு வரும்போது, எந்த மாதத்தில் தொடங்குவது, எந்த மாவட்டத்துக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி எழும். அந்த மேசையில் கையில் எண்ணோடு இருக்கிறவருடைய குரலே கேட்கும். இன்புளுவென்சாவும் இந்த நாட்டில் ஆண்டுக்கு ஒரு பருவத்தோடு நிற்பதில்லை; ஏப்ரலைத் தொடர்ந்து ஒரு தடவையும் ஆண்டின் இறுதியில் இன்னொரு தடவையும் ஏறுகிறது. வன்னியின் காலபோக மழையில் அது எப்போது தலைதூக்குகிறது என்பதைக் கொழும்பின் வரைபடத்திலிருந்து ஊகிக்க வேண்டிய நிலை எங்களுக்கு இருக்கக்கூடாது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, இன்னதென்று தெரியாத காய்ச்சல் என்று விட்டுவிடாமல் மாதிரிகள் அனுப்பப்பட்டன; சில நாட்களிலேயே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாகி, வயல்காரருக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் வேலையும் தொடங்கியது. பெயர் தெரிந்ததால் வழியும் தெரிந்தது. அந்த அக்கறையை, பெரியவர்கள் கூட்டமாக இறக்கும் நாளுக்கென்று வைத்திராமல், முழங்காவிலிலோ நெடுங்கேணியிலோ ஒரேயொரு குழந்தை முட்டுப்படும் நாளிலும் காட்டுமாறு வேண்டுகிறேன்.

மாரி மழை ஒக்டோபரில் இறங்கும். அதற்குமுன் ஒரு மாவட்ட வைத்தியசாலையையும் இரண்டு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளையும் தெரிவுசெய்து தந்தால், குடும்பநல உத்தியோகத்தர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியை ஊதியமின்றி நடத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். பயிற்சிக்கான பாடக்குறிப்புகளையும் வாராந்தப் பதிவுத்தாளின் மாதிரியையும் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு இடம் வைக்கவில்லை; எது என்று எழுதுவதற்கே வைத்திருக்கிறேன்.

இவ்வண்ணம்,
மல்லாவியிலிருந்து ஒரு தொற்றுநோயியலாளர்