பெயர் கேட்கத் தவறிய பெரியவருக்கு

செய்தித்தாளில் துணையாசிரியராகவும், பிறகு மக்கள் தொடர்புத் துறையிலும், கடைசியாகச் சென்னையில் ஒரு சபாவின் நிர்வாகத்திலும் பணியாற்றிய எனக்கு, ஒரு மார்கழி மாலையில் கிடைத்த உதவி இன்றும் மறக்கவில்லை. மியூசிக் அகாடமி 1927இல் தொடங்கப்பட்டதாக நான் எழுதி, அச்சுக்கு அனுப்பவிருந்த விழா மலரின் மெய்ப்பை, கேன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் எட்டிப் படித்துவிட்டு, "அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்தது இசை மாநாடு, அகாடமி உருவானது 1928இல்" என்று மெதுவாகச் சொன்னார். (பிறர் தாளை எட்டிப் படிப்பது நாகரிகமன்று என்பார்கள், அன்று என்னைக் காத்தது அதுதான்.) சரிபார்க்காமல் எதையும் அச்சேற்றக் கூடாது என்று பத்திரிகை அலுவலகத்தில் பழகிய வழக்கத்தை, விளம்பர அறிக்கைகளை எழுதி எழுதியே தொலைத்திருந்தேன். திருத்தி நிமிர்வதற்குள் அவர் காபியை முடித்துக்கொண்டு அரங்கினுள் சென்றுவிட்டார். ஐயா, தங்கள் பெயரைக்கூடக் கேட்கத் தவறியவனின் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.