தாடை ஆபரேஷனை காஸ்மெட்டிக்னு சொல்லி க்ளெய்ம் தள்ளினது பத்தி

க்ளெய்ம்ஸ் மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்.

கஸ்டமர் கேர், உங்களுக்காக க்ளெய்ம் பாக்குற டிபிஏ கம்பெனி, திருச்சி பிராஞ்ச்னு எல்லார்கிட்டயும் சொல்லி சலிச்சுப்போய்த்தான் இத எழுதுறேன். பாலிசி நம்பர், க்ளெய்ம் நம்பர் எல்லாம் பழைய மெயில்லயே கெடக்கு, பாத்துக்கங்க.

எனக்கு கீழ்த்தாடை உள்வாங்கி இருந்ததால தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வரும், ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டே குடுத்திருக்கேன். மேல்தாடைக்கு லெஃபோர்ட் 1, கீழ்த்தாடைக்கு பிஎஸ்எஸ்ஓன்னு ரெண்டு ஆபரேஷன், எலும்பை அறுத்து முன்னாடி நகத்தி டைட்டானியம் பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டிருக்காங்க. இதுவா ப்யூட்டி பார்லர் வேலை? தாடை முன்னாடி வந்தா மூஞ்சி மாறாம அப்படியேவா இருக்கும்?

பழைய போட்டோ புது போட்டோ ரெண்டும் வேணும்னு கேட்டது நீங்கதான். நம்பி அனுப்பினா, அதையே வச்சு உங்க ஆள் ஒருத்தர் போன்ல சொல்றார், "முன்னைக்கு இப்ப அழகாத்தானே இருக்கீங்க மேடம், கல்யாணத்துக்காக பண்ணதா?" எங்க அப்பா பக்கத்துல உக்காந்து ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தார். அந்த அழகுல கீழ் உதடு இன்னும் மரத்துத்தான் கெடக்கு, காபி வழிஞ்சா கூட தெரியல, அது போட்டோவுல தெரியுமா?

எக்ஸ்க்ளூஷன் 08, அதாவது அழகுக்காக பண்ற ஆபரேஷனுக்கு பணம் கிடையாதுங்கிற விதின்னு ஒரு வரி அனுப்பிட்டீங்க. உடம்புக்கு உடனடி ஆபத்தை நீக்குற அவசிய சிகிச்சைன்னு பாக்குற டாக்டர் சர்டிஃபை பண்ணா அது தடை இல்லைன்னு அதே 08லயே இருக்கே, உங்க பாலிசிய நீங்களே படிக்க மாட்டீங்களா? டாக்டர் லெட்டர் மொத நாளே குடுத்தாச்சு.

அதுக்கு முன்னாடி நடந்தது இன்னும் கொடுமை. ஒரிஜினல் பில்லோட நேர்ல வாங்கன்னு சொன்னதால, பல்லெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு கட்டியிருக்கப்ப, கஞ்சித்தண்ணி பாட்டிலோட நைட் பஸ் ஏறி சென்னை வந்தேன். "அந்த சார் லீவு, ஸ்கேன் பண்ணி மெயில் பண்ணாலே போதுமே"ன்னு அனுப்பிட்டாங்க.

4 லட்சத்துக்கு மேல கடன், நகை அடகுல, எங்க குடும்பமே நடுத்தெருவுக்கு வந்தாச்சு. தயவுசெஞ்சு டாக்டர் லெட்டரை படிச்சு மறுபடி பரிசீலிங்க. 1 மாசத்துல பதில் வரலைன்னா இன்ஷூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன், அங்கயும் ஆகலைன்னா கன்ஸ்யூமர் கோர்ட், விடமாட்டேன். அந்த கல்யாணக் கேள்விக்கு எழுத்துல மன்னிப்பும் வேணும். அந்த கால் ரெக்கார்டிங்கை அழிச்சிடாதீங்க, நான் கேட்டு வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்க பாலிசிதாரர், திருச்சி