ஒரே வாசல் வைத்த கல் வீடு

கார்டிஃப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வேலை எப்போதும் போலத்தான், நைட் டூட்டி அதிகம்.

லீவு நாளில் ஊருக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்துக்குப் போனோம். டிக்கெட் கிடையாது. வேல்ஸின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இருந்தபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1948-இல் திறந்தது. உங்களைக் கூட்டிப்போயிருந்தால் இருட்டும்வரை கிளம்பியிருக்க மாட்டீர்கள்.

அதில் கிலேவென்ட் என்று ஒரு பண்ணை வீடு. ராயடர் பக்கம் மலைப் பள்ளத்தாக்கில் இருந்ததை 1955-இல் பிரித்து எடுத்து வந்தார்களாம். 1470-இல் மரச்சட்டம் வைத்துக் கட்டியது. 1734-இல் மரச்சுவரை எடுத்துவிட்டுக் கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மழையில் மரச்சுவர் எத்தனை நாள் தாங்கும்! நீளமாக ஒரே கட்டடம். ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் மாடும் குதிரையும். எல்லோருக்கும் வாசல் ஒன்றுதான். இந்த மாதிரி வீடுகளைச் சரிவில் வாட்டம் பார்த்துக் கட்டுவார்கள். மேட்டில் மனிதர், பள்ளத்தில் மாடு. கோமியமும் கழுவிய தண்ணீரும் தானாகக் கீழே ஓடிவிடும். மாட்டின் உடம்புச் சூடும் வீட்டுக்குள்ளேயே தங்கும். அடுப்புத் தீயைப் பார்த்து நிற்கும் மாடு கூடுதலாகப் பால் கறக்கும் என்று வேறு நம்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், லட்சுமியை அடுப்படிக்குள் கட்டிவிடுவார்.

சுவரைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஜன்னல் திண்டில் கையை நீட்டினால் முழங்கை தாண்டியும் சுவர் போகிறது.

பக்கத்திலேயே 1610-இல் கட்டிய கெனிக்ஸ்டன் வீடு. வெளிச்சுவர் முழுக்க ரத்தச் சிவப்பு. கெட்ட ஆவி அண்டாமல் இருக்கவாம், நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி.

அப்புறம் முக்கியமான விஷயம். இந்தப் பழைய வீடுகளெல்லாம் சுண்ணாம்புதான். பூச்சு வெடிக்காமல் இருக்க மாட்டு ரோமம் கலப்பார்களாம். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் மழைத் தண்ணீர் வழிந்தோடக் கொழுப்பையும் சேர்ப்பதுண்டு. நீங்கள் சொல்லும் கடுக்காய், வெல்லம் மாதிரி எதையும் காணோம். கல் குடித்த ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும், சிமென்ட் பூசினால் உள்ளேயே நின்றுவிடும். நாங்கள் குடியிருப்பதும் பழைய கல் வீடுதான். யாரோ புண்ணியவான் சிமென்டால் மெழுகி வைத்திருக்கிறான். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். வீட்டுக்காரரிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார். இந்தக் குளிரில்!

இப்போதுதான் ஒருவழியாக மூலையை மட்டும் தட்டிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். தட்டினால் கல்லும் சேர்ந்து பெயர்ந்து வருமா? புதுச் சுண்ணாம்பு பூசும் முன் சுவரை எத்தனை நாள் காயவிட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லுங்கள்.

அம்மாவின் மூட்டு வலி மருந்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அன்பு மகள்,
செல்வி