பானைக்காரர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்தப் பட்டறையில் மண்பாண்டத்தைக் கலையாகச் செய்யும் ஸ்டுடியோ மண்பாண்டக் கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலையில் யாருடைய தாக்கம் என்று கேட்டதற்கு எல்லோருமே ஜப்பானியக் குயவர் ஹமாடா, ஆங்கிலேயக் குயவர் லீச், ஜப்பான், கொரியா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தப்பில்லை. 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் பலரும் அங்கே கற்றவர்கள், அல்லது அங்கே கற்றவர்களிடம் கற்றவர்கள். டெபோரா ஜப்பானில் பயின்றவர். அப்படியிருக்க ஜப்பான் வாடை அடிக்காமல் இருக்குமா?

நான் கொசப்பேட்டைக்காரன். என் தாத்தா பானை வனைந்தவர். அப்பா காலத்திலேயே வேலை கொலு பொம்மை, பிள்ளையார் என்று மாறிவிட்டது. எனக்குச் சக்கரம் சுற்றவே தெரியாது, கணக்கெழுதிக் காலம் தள்ளியவன். ஆனால் தாத்தா வேலை செய்தது நன்றாக நினைவிருக்கிறது.

அவர் சக்கரத்திலேயே பானையை முடிக்கமாட்டார். வாயும் கழுத்தும் அமைந்ததும், தடித்த சுவரோடு, அடி திறந்தபடியே அறுத்தெடுத்து நிழலில் வைப்பார். கொஞ்சம் இறுகியதும் உள்ளே வழவழப்பான கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் டப் டப்பென்று தட்டுவார். (மதியம் எவனும் தூங்க முடியாது.) தட்டத் தட்டச் சுவர் மெலிந்து கீழே இறங்கி, அடி மூடிக்கொண்டு உருண்டையாகும். தட்டை அடி வைத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். நெருப்பில் வைத்தால் மூலையில் விரிசல் விடும் என்றார்.

சரி, லீச்சும் ஹமாடாவும் யாரைப் பார்த்துக் கற்றார்கள்? கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் இருவரும் சூளை போட்டபோது, அந்த நாட்டுக் கிராமத்துக் குயவர்கள் செய்த பழைய தட்டுகளையும் ஜாடிகளையும் தேடித்தேடிப் பார்த்தார்கள். அவர்களுடைய நண்பரான ஜப்பானியச் சிந்தனையாளர் யாநகி சோயெட்சு, ஜப்பானியர் போற்றும் கிசாயேமோன் தேநீர்க் கிண்ணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கொரியாவில் ஏழைகள் சோறு தின்ற சாதாரணக் கிண்ணம் அது என்பது அவர் கருத்து. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அவர்கள் சாதாரண ஜனங்களின் சோற்றுக் கிண்ணத்தையும் ஜாடியையும் பார்த்தார்கள். நம்மவர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள், நம் சோற்றுப் பானையை விட்டுவிட்டு. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்த முறை உங்கள் நிருபரைக் கொசப்பேட்டைக்கு அனுப்புங்கள். ஆவணி வேண்டாம், பிள்ளையார் வேலையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. பொங்கல் முடிந்ததும் வரட்டும். தட்டி மூடத் தெரிந்த பெரியவர்கள் ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். கட்டுரையில் பேசியவர்களில் ஒருவரையும் கூட அழைத்து வந்தால் நல்லது. டீ என் செலவு.

இப்படிக்கு,
கொசப்பேட்டை வாசகர், சென்னை