வாய் நாற்றத்துக்கு வயிற்றைக் குறைகூற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாய் நாற்றம் என்றதும் பலர் சிங்கப்பூரின் தேக்காவில் வயிற்றுக்குச் சூரணம் தேடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு வாயில்தான். நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளைப் படலத்தில் கிருமிகள் கந்தக வாயுவை உண்டாக்குகின்றன. இரவெல்லாம் குளிர்சாதன அறையில் வாயைத் திறந்தபடி தூங்கினால் எச்சில் வற்றி, காலையில் வாடை கூடும்.

ஆயுர்வேதம் நாக்கு வழிப்பதை அன்றாடக் கடமையாகவே வைத்திருக்கிறது. செம்பு அல்லது எவர்சில்வர் வழிப்பானைப் பின்னாலிருந்து முன்னுக்கு மெதுவாக ஐந்தாறு முறை இழுத்தால் போதும். பலர் நுனியை மட்டும் தேய்த்துவிட்டு, "பலனில்லை" என்பார்கள்! ரத்தம் வர அழுத்துவதும் தவறு.

கொப்பளிக்க, ஒரு தேக்கரண்டி திரிபலா சூரணத்தை 200 மில்லி நீரில் பாதியாக வற்றவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகப் பயன்படுத்தலாம். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சவேண்டும். நல்லெண்ணெய் என்றால் இரண்டு தேக்கரண்டி, ஐந்து முதல் பத்து நிமிடம். விழுங்கக்கூடாது, புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். துப்புவது குப்பையில், கழுவுதொட்டியில் துப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் தடவினால் புண்ணாகிவிடும்.

பல்லில் இறுகிய காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. ஈறில் ரத்தம் கசிந்தாலோ இரண்டு வாரத்தில் வாடை குறையாவிட்டாலோ பல் மருத்துவரிடம் போகவேண்டும். அரசின் சாஸ் (CHAS) சுகாதார உதவித் திட்ட அட்டை இருந்தால், அதன் வகையைப் பொறுத்துக் கட்டணக் கழிவும் கிடைக்கலாம். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் பழம் போன்ற வாடையும் கூடவே வாந்தியும் இருந்தால், கொப்பளித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்